சிவப்பு வந்தால் ஆட்டோமேட்டிக்

மே 2, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வில் என் பெயர் பதினேழாவது. சங்கரவடிவு, பட்டதாரி ஆசிரியை, அறிவியல். மூன்று முறை படித்துப் பார்த்தேன். என் பெயரை அச்சில் பார்ப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிடைக்கப்போவது மேலப்பாறையூர்ப் பள்ளிதான் என்று சங்கச் செயலாளர் சொன்னார். அம்பாசமுத்திரத்திலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கிய பிறகு மூன்று கிலோமீட்டர் நடை. இரண்டு வயதில் போலியோ வந்த என் இடது கால் அரை கிலோமீட்டருக்கே முறைத்துக்கொள்ளும். ஆக, கார் இல்லாமல் அந்த நாற்காலி இல்லை. கார் என்றால் எனக்கு ஆட்டோமேட்டிக்தான். கியர் வண்டியில் கிளட்ச் மிதிக்கிற வேலை இடது காலுக்கு, என் இடது காலால் அது ஆகாது. இப்படி ஒருநாள் வரும் என்றுதான் போன வருடமே ஜெபசெல்வியின் டிரைவிங் ஸ்கூலில் ஆட்டோமேட்டிக் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, போட்டு, படித்துவிட்டு, "சந்தோஷம்" என்றார். அடுத்து, "தண்ணி மோட்டாரப் போட்டியா?" என்றார்.

மே 4, ஞாயிறு

ஷோரூம் போனோம். ஒரே வண்டி, ஒரே வெள்ளை நிறம், கியரில் ஒன்று, ஆட்டோமேட்டிக்கில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். "மேடம்தான் ஓட்டுவாங்களா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "ரெண்டு பேரும்" என்றார்.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தது.

"ஆட்டோமேட்டிக்லாம் பொம்ம வண்டி, வடிவு. மல ரோட்டுல கியர் நம்ம கையில இருக்கணும்."

"மல ரோட்டுல ஓட்டப்போறது நானு. என் காலு நம்ம கையில இல்லையே."

"நான் ஓட்டுதேன்லா?"

"ஒங்க ஸ்கூல் வடக்க. என் ஸ்கூல் தெக்க. ஒம்பது மணிக்கு ரெண்டு எடத்துலயும் மணி அடிப்பான்."

"அத அப்புறம் பாத்துக்கிடலாம்."

எங்கள் வீட்டில் ‘பாத்துக்கிடலாம்’ என்றால் நடக்காது என்று அர்த்தம். பின்வாசல் கிரில் கதவு ஆறு வருடமாகப் பாத்துக்கிடலாமில்தான் இருக்கிறது.

மைலேஜ் என்றார். விற்கும்போது கியர் வண்டிக்குத்தான் மதிப்பு என்றார். இன்னும் வாங்கவேயில்லை, அதற்குள் விற்கிற கணக்கு. கணக்கு வாத்தியார் அல்லவா. உதவி பெறும் பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு நடத்துகிறார். அங்கே தலைமையாசிரியர் நாற்காலி, பள்ளிச் செயலாளரின் மருமகனுக்காக முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நல்ல மனிதர், பொறாமை கிடையாது.

மே 7, புதன்

மூன்று நாளாகப் பேச்சில்லை. தோசைக்கு மட்டும் "போதும்" என்றார்.

மே 9, வெள்ளி

கரண்ட் பில் கட்ட பிரவுசிங் சென்டர் போய்விட்டு வந்தவர், சட்டையைக் கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்று சொன்னார்: "நீயும் விட்டுக்குடுக்க மாட்ட, நானும் விட மாட்டேன். பேசாம சாஸ்தாவுக்கிட்ட பூக்கட்டிப் பாத்திருவோம்."

எனக்குக் கரண்டி நழுவாத குறை. அவருக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் விளக்கேற்றினால் "எண்ணெய் விலை தெரியுமா?" என்பார். ஆனால் பூக்கட்டுவதை மட்டும் ஒருநாளும் கேலி செய்ததில்லை. என் மனசுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

எங்கள் குலதெய்வம் சாஸ்தா. இரண்டில் ஒன்று முடிவாகாதபோது வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டி, பீடத்தில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்போம். எடுத்ததைப் பிரித்தால் சாமியின் வாக்கு. எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமி சொன்னதில் சந்தேகம் என்றாகிவிடும். அப்படியே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

"வேலைக்குப் போறதா வேண்டாமான்னு கேக்க வேண்டாம், அது ஒன் இஷ்டம். வண்டிய மட்டும் கேப்போம். செவப்பு வந்தா ஆட்டோமேட்டிக். வெள்ள வந்தா கியரு" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு.

பெங்களூரிலிருந்து லோசனி போனில் சிரிசிரி என்று சிரித்தாள். "ஏம்மா, நீ சயின்ஸ் டீச்சர்தான? காருக்குப் போயி யாராவது பூக்கட்டுவாங்களா?" பெற்ற மகளுக்கு எதைச் சொல்லி விளக்குவது. சயின்ஸ் வகுப்பு காலையில், சாஸ்தா சாயங்காலம். முப்பது வருடமாக இரண்டும் என்னிடம் சண்டை போடாமல்தான் இருக்கின்றன.

மே 11, ஞாயிறு

வெள்ளை.

போனதிலிருந்து எழுதுகிறேன். ஸ்கூட்டரில் ஒன்பது மணிக்குக் கோயில் சேர்ந்தோம். பூசாரி பலவேசம் பூவும் இலையும் நாரும் எடுத்து வைத்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போனார். நான் கால் கழுவப் போனேன். கிணற்றடி சறுக்கும், எனக்குப் போய்வர நேரம் பிடிக்கும். வருவதற்குள் அவரே உட்கார்ந்து இரண்டு பொதியும் கட்டி முடித்திருந்தார். அளந்து செய்தது போல ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. கணக்கு வாத்தியார் கை.

"யார் எடுக்கா?" என்று பலவேசம் கேட்டார்.

"அவளே எடுக்கட்டும். ஓட்டப்போறது அவதான" என்றார் இவர்.

கண் கலங்கிவிட்டது எனக்கு. சாஸ்தாவைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்: சிவப்பைக் கொடு, உன் வாசல்வரை நானே வண்டி ஓட்டி வருகிறேன். எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை அரளி, ஐந்து இதழ், ஒரு அப்பழுக்கு இல்லை.

"சாமி சொல்லிட்டாருல்ல டீச்சர், அப்பீல் கெடையாது" என்றார் பலவேசம். இவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் இவரே வண்டியை நிறுத்தி, "மத்தத ஆத்துல போட்டுட்டு வா" என்றார். எல்லாம் முறைப்படி செய்கிறார். பைக்குள் கைவிட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தேன்.

அழவில்லை. கண்ணில் தூசி.

மே 12, திங்கள்

என்னைப் போல ஒரு மறதிக்காரி கிடையாது. பையைக் கவிழ்த்தால் நாரோடு பொதி அப்படியே விழுகிறது. பலவேசம் சந்தனமும் வாழையிலையில்தான் மடித்துக் கொடுத்தார். நேற்று ஆற்றில் போனது சாமி சந்தனம்!

அவரிடம் சொன்னால் வருடம் பூராவும் சொல்லிக் காட்டுவார். எவர்சில்வர் டப்பாவில் போட்டு பூஜை அலமாரியில் வைத்தேன். ஆற்றுப் பக்கம் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

மே 14, புதன்

கியர் வண்டி புக் செய்தாயிற்று. கடன் என் சம்பளத்தில் என்பதால் புக்கிங் என் பெயரில். கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்ற ஆட்டோமேட்டிக்கைப் பார்க்கவில்லை.

வரும் வழியில், "அன்னைக்கு ஆத்துலதான போட்ட?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாஸ்திரத்தில் எவ்வளவு அக்கறை.

மே 17, சனி

ஜெபசெல்வி ஒரு வாரமாகத் தன் கியர் வண்டியில் என்னை ஓட்ட வைத்துப் பார்த்தாள். இன்று முக்கூடல் ரோட்டில் ஏழு முறை ஆஃப் ஆனது. எட்டாவது முறை கால் மரத்துப்போய் கிளட்சிலிருந்து எடுக்கவே வரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து என்னைப் பார்த்துவிட்டு, திட்டாமல் போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

"டீச்சர், இது பிடிவாதத்துல வர்ற விஷயம் இல்ல. ஒங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான். யாரு ஒங்கள இதுல ஏறச் சொன்னது?" என்றாள். சாஸ்தா என்று ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல. சும்மா சிரித்து வைத்தேன்.

வீட்டில் சொன்னேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமைவிடல் கடிதம். டைப் அடித்தே வைத்திருந்தார். முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், இருபத்தொன்பதாம் தேதி தானே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒருமுறை விட்டால் மறுபடி பெயர் வர எத்தனை வருடமோ.

கீழே தேதி 09.05 என்றிருந்தது. இன்று பதினேழு அல்லவா என்றேன். "பழைய ஃபைல்ல அடிச்சது, மாத்த விட்டுப்போச்சு" என்று பேனாவால் அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டேன். என் பெயரைக் கடைசியாக அச்சில் பார்த்துக்கொண்டேன்.

மே 19, திங்கள்

அலமாரியைத் துடைக்கும்போது டப்பாவைத் திறந்தேன். இலை காய்ந்து, ஓரத்தில் விரிந்திருக்கிறது. பிரிக்கவில்லை, நான் தொடக்கூட இல்லை. விரிசலில் பூ தெரிந்தது. வைக்கோல் நிறம்.

காய்ந்தால் சிவப்பும் வெளுக்கத்தான் செய்யும்.

மே 20, செவ்வாய்

சிவப்பு காய்ந்தால் வெளுக்குமா? யோசித்துப் பார்த்தால், தெரியாது. முப்பது வருடம் சயின்ஸ் நடத்தியவள் தெரியாததைத் தெரிந்தது மாதிரி எழுதக் கூடாது.

அடுத்த வீட்டு வேலியில் இருந்து ஒரு சிவப்பு அரளி, ஒரு வெள்ளை அரளி பறித்தேன். இரண்டையும் வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டி, சீட்டு ஒட்டி, ஜன்னலில் வைத்தேன். வெயில் நன்றாக அடிக்கிற ஜன்னல், டப்பாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் காயும்.

"என்னது இது?" என்றார்.

"ஒம்பதாம் கிளாஸ் சோதனை."

"லீவுல என்ன சோதனை?"

"ஸ்கூல் தெறந்ததும் நடத்தணும்லா."

என்னவோ, சீட்டைப் படிக்க அவர் கண்ணாடியைத் தேடவில்லை. டிவி பக்கம் போய்விட்டார்.

மே 22, வியாழன்

இன்னும் காயவில்லை. மாவு அரைத்தேன். ரேஷன் கார்டில் கைரேகை விழவில்லை, நாளை வரச் சொன்னார்கள். இன்னும் காயவில்லை.

மே 24, சனி

சிவப்பு: கருஞ்சிவப்பு, ஏறக்குறைய கறுப்பு. வெள்ளை: வைக்கோல் நிறம்.

ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பலவேசம் பூவை மாற்றி எடுத்து வைத்திருக்கலாம். வயதானவர், கண்ணில் புரை. பலவேசமாகத்தான் இருக்கும்.

மே 25, ஞாயிறு

அவர் முடி வெட்டப் போன நேரத்தில் டப்பாவை எடுத்துவந்து அடுக்களை மேடையில் வைத்தேன். சாஸ்தாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிரித்தேன். வெள்ளை.

பலவேசத்துக்கு போன் செய்தேன். "தெளிவா ஒரு செவப்பு, ஒரு வெள்ளதான் முதல்ல எடுத்து வச்சேன் டீச்சர். நீங்க கால் கழுவப் போனப்ப சாருதான் வெள்ளையில இன்னொண்ணு இருக்கான்னு கேட்டாவ, முதல்ல உள்ளது வாடிருக்குன்னு. செடி அங்கனதான நிக்கி, பறிச்சுக் குடுத்தேன். ஏன், என்ன விசயம்?" ஒன்றுமில்லை என்றேன். வாடியிருந்தால் அந்த வெள்ளையைத்தான் தூக்கிப் போட்டிருப்பார். அவர் தூக்கிப் போட்டது சிவப்பை.

இரண்டு பொதியிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டு, "அவளே எடுக்கட்டும்" என்றார். என் கண் கலங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். தோளைத் தட்டினார். கடிதத்தில் ஒன்பதாம் தேதி. கோயிலுக்குப் போனது பதினோராம் தேதி. சாஸ்தா வாக்குச் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே பிரவுசிங் சென்டரில் வாக்கு டைப் ஆகிவிட்டது!

பூக்கட்டுவதை மட்டும் ஏன் கேலி செய்ததில்லை என்று இப்போது விளங்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. மூன்று வாரமாக இந்த நோட்டில் அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 26, திங்கள்

ஒரே நினைப்பு. 2011-இலும் பூக்கட்டினோம். சங்கரன்கோவில் பக்கம் உதவித் தொடக்கக் கல்வி அலுவலராகப் போகச் சொல்லி எனக்கு வாய்ப்பு வந்தது. லோசனி சின்னப் பிள்ளை. போகலாமா வேண்டாமா என்று திண்டாடினேன். சிவப்பு வந்தால் போவது. வெள்ளை வந்தது. ‘சாஸ்தா போக வேண்டாம்னுட்டார்’ என்று பதினாலு வருடமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன்.

அன்றைக்குப் பொதி கட்டியதும் அவர்தான். அன்று எடுக்காத பொதி சரியாக ஆற்றில் போய்விட்டது.

மே 27, செவ்வாய்

காலையில் பஸ் ஏறி ஷோரூம் போனேன். புக்கிங்கை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினேன். "சார்கிட்ட கேட்டுட்டீங்களா மேடம்?" என்றாள் அந்தப் பெண். "புக்கிங் யார் பேர்ல இருக்கு?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் இலைத் துண்டையும் பூவையும் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். யாருடையது, என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஒரு நிமிஷம் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருப்பேன்.

"ஆத்துல போட்டேன்னு சொன்ன?" என்றார்.

"நானும் ஒரு பொய் சொன்னேன். அந்த லெட்டர எடுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காகக் கிழித்தேன்.

"ஒனக்காகத்தான் செஞ்சேன் வடிவு. தெனம் அறுபது கிலோமீட்டரு, அந்தக் காலோட. எனக்குப் பயமா இருக்காதா?"

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா. வாய் இருக்குல்ல?"

சோற்றைப் பிசைந்தார். பிறகு, "நான்தான் சாமியே இல்லைங்கேன். இல்லாத சாமிய எங்க ஏமாத்துனேன்?" என்றார்.

"சாமிய விடுங்க, அவரு பாத்துக்கிடுவாரு. எடுத்தது என் கை. என் கையால என் வேலைய வேண்டாம்னு எடுக்க வச்சீயளே."

அப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு. "இருவத்தாறு வருசம் நானும் சாக்பீஸ் பிடிச்சிட்டேன். எனக்கு ஒரு நாற்காலி வந்துச்சா? நாளைக்கு ஊருக்குள்ள எச்.எம். அம்மா வீட்டுக்காரர்னு கூப்பிடுவான். கூப்பிடட்டும், போ."

சொன்னதும் அவருக்கே கேட்டுவிட்டது. எழுந்து கை கழுவினார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த நிலைமையிலும் பாவமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்காத வருடம், அவருக்காக நான் எத்தனை நாள் சாஸ்தாவிடம் அழுதிருப்பேன்.

2011-ஐப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 2, திங்கள்

மேலப்பாறையூரில் பொறுப்பேற்றேன். ஜெபசெல்வி தன் வண்டியில் கொண்டுவந்து விட்டாள். நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை. சத்துணவு அரிசியில் வண்டு. மூன்று ஆசிரியர்கள் காலையிலேயே லீவு கேட்டார்கள். மாலைவரை அவரை நான் நினைக்கவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வண்டி வெள்ளிக்கிழமை வந்தது. இன்று பூஜை போடச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பினேன். அவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கேட்காமல் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் போடத் தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

இரண்டு வாரமாக வீட்டில் எல்லா வேலையும் அவர் செய்கிறார். நேற்று ஆளை வரவழைத்துக் கிரில் கதவைக்கூடச் சரிசெய்துவிட்டார். ஊர் எல்லை தாண்டியதும், "ஒண்ணுமே பண்ண வேண்டாம்போலருக்கே. நல்லாத்தான் இருக்கு வண்டி" என்றார். ரோட்டில் ஆளில்லை. வலது கால் மட்டும் வேலை செய்ய, இடது கால் பாட்டுக்கு ஓய்வாகக் கிடந்தது. இப்போது கேட்காவிட்டால் சாகும்வரை கேட்கப்போவதில்லை என்று தோன்றியது.

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல பூக்கட்டுனோமே. அதுவும் இப்படித்தானா?"

"எது?"

"சங்கரன்கோவில் வேலைக்கு."

கொஞ்ச தூரம் போனோம். "இல்ல வடிவு. அது நெசமாவே வெள்ளதான் வந்துச்சு" என்றார். என் பக்கம் திரும்பினார். "சத்தியமா. சாஸ்தா மேல சத்தியமா."

உண்மையாகவே இருக்கலாம். அவர் குரலில் பொய் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குக் கோயிலிலும் தெரியவில்லையே. அவர் நம்புகிற ஒன்றின் மேல் சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று பார்த்தேன். இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அப்படி ஒன்று எது என்று எனக்குத் தெரியவில்லை.

கோயில் வாசலில் நிறுத்தினேன். மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் பலவேசம் ஓடிவந்தார். இவர் இறங்கி, என் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"எறங்கலயா?"

"நீங்க போய்க் கும்பிட்டுட்டு வாங்க" என்றேன். "நான் வண்டியிலயே இருக்கேன்."

அவர் கதவை மெல்லச் சாத்தினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.